குறை சொல்லிக் கொடுத்த கார்

"அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லிப்போடறேனுங்க" என்று அத்தை ஆரம்பித்தால், எங்கள் வீட்டில் யாராவது ஒருவர் எழுந்து வெளியே போய்விடுவார். பெரும்பாலும் அது என் அப்பாதான். அத்தை அவருக்கு அக்கா. அடுத்து என்ன வரும் என்பது அவருக்குச் சிறு வயதிலிருந்தே தெரியும்.

அடுத்து வருவது ஒரு குறை. மாடோ, மூட்டையோ, பழைய பீரோவோ, கல்யாணத்துக்குப் பார்க்கும் பையனோ, எதைக் கைமாற்றினாலும் அதன் குறையைச் சொல்லிவிட்டுத்தான் கொடுப்பார். எதிரில் இருப்பவர் கேட்டாரா இல்லையா என்பது அவருக்குப் பொருட்டே இல்லை.

காங்கேயத்துக்குப் பக்கத்தில் அத்தைக்குக் கொப்பரைக் களம் இருந்தது. மாமா சீக்கிரமே போய்விட்டார், பிள்ளைகள் இல்லை. தேங்காய் உடைத்து, வெயிலில் காயவைத்து, எண்ணெய் மில்லுக்கு மூட்டை போடும் வேலையை அவரே களத்தில் நின்று நடத்தினார். ஒருமுறை லோடு ஏற்ற வந்த வியாபாரியிடம், "அடியில இருக்கற மூட்டையெல்லாம் போன வாரத்து மழையில நனைஞ்சுதுங்க. காய வெச்சுட்டோம், ஆனாலும் நிறம் கம்மி" என்றார். அந்த மனிதர் சங்கடத்துடன், "நான் கேக்கவே இல்லீங்களேம்மா" என்றார்.

"நீங்க கேட்டு நான் சொன்னா அது பதிலுங்க. கேக்காம சொன்னாத்தான் வியாபாரம்."

அப்போது நான் கல்லூரி விடுமுறையில் அங்கே போயிருந்தேன். நனைந்த மூட்டைகள் மட்டும் களத்திலேயே கிடந்தன. அத்தை அதைப் பற்றி வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

சென்ற ஐப்பசியில் அத்தை காலமானார். களத்தையும் வீட்டையும் மாமா வழிச் சொந்தத்துக்கு முன்பே எழுதிக் கொடுத்திருந்தார். அவருடைய சின்ன வெள்ளைக் காரை மட்டும் எனக்கென்று சொல்லிவிட்டுப் போனார். காரியம் முடிந்து ஒரு வாரம் கழித்து அதை ஓட்டிக்கொண்டு சிங்காநல்லூருக்கு வந்து சேர்ந்தேன். எங்கள் வீட்டில் ஒரு கார் நிற்கத்தான் நிழல் உண்டு. அத்தையின் காரை உள்ளே விட்டதால் எங்கள் கார் தெருவுக்குப் போனது. இரண்டாவது நாளே அதன்மேல் அரசம்பழம் கொட்டி, அதைத் தின்ன வந்த காக்கைகளும் தங்கள் பங்குக்குச் செய்துவிட்டுப் போயின. என் மனைவி வாளியும் துணியுமாக நின்றபடி, "ஏனுங்க, இது எத்தன நாளைக்கு?" என்றாள்.

காரின் தகுதிச் சான்றான எஃப்.சி. மார்கழிக் கடைசியில் முடிகிறது. அதற்குள் பழுது பார்த்துப் புதுப்பித்தால் வண்டி எங்களுடையது. இல்லையென்றால் யாருக்காவது கொடுத்துவிட வேண்டும், அல்லது உக்கடத்துப் பழைய இரும்புக்குப் போக வேண்டும். திருச்சி ரோட்டுப் பட்டறைக்காரர் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார். "இன்ஜினு பரவால்லீங்க. தரைதான் போச்சு. துருவ வெட்டியெடுத்துப்போட்டுப் புதுத் தகடு வெச்சு வெல்டு பண்ணோணும். பண்ணலாம். பண்ணோணுமான்னு நீங்கதான் ரோசனை பண்ணிச் சொல்லோணும்" என்றார்.

ரோசனை பண்ணுவதுதான் எனக்கு எப்போதும் வேலை. மில்லில் நூல் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். நூலில் எங்கே தடித்திருக்கிறது, எங்கே மெலிந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்வது தொழில். அதனால்தானோ என்னவோ, எங்கள் குடும்பத்தில் அத்தையின் பேச்சுக்கு எழுந்து போகாத ஒரே ஆள் நான்.

மாட்டுச் சந்தையில் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். அத்தையிடம் நல்ல உயரமான மயிலைக் காளை ஒன்று இருந்தது. அதை விற்பதற்காகச் சந்தைக்குக் கொண்டுபோனோம். எங்கள் பக்கத்தில் மாடு வாங்குகிறவர்கள் பல்லைப் பார்ப்பதற்கு முன்னால் சுழியைப் பார்ப்பார்கள். முடி எந்த இடத்தில் சுழித்திருக்கிறது என்பதை வைத்து அந்த மாடு வீட்டுக்கு ஆகும், ஆகாது என்று சொல்லிவிடுவார்கள். இந்தக் காளைக்கு முதுகில் ஆகாத சுழி ஒன்று இருந்தது. குளிர்காலத்து முடி வளர்ந்து அதை மூடியிருந்தது. தரகரும் வாங்க வந்தவரும் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசிக்கொண்டிருந்தார்கள். தரகரின் முகத்தைப் பார்த்தால் படிந்துவிட்டது போல இருந்தது. அத்தை நடுவில் போய் நின்று, காளையின் முதுகு முடியை இரண்டு கையாலும் விலக்கிக் காட்டினார்.

"இங்க பாருங்க, ஆகாத சுழி. எங்க ஊட்டுல ஒண்ணும் கெட்டுப் போகலீங்க. எனக்கு இதுலயெல்லாம் நம்பிக்கையும் இல்ல. ஆனா உங்களுக்கு இருந்துதுன்னா தெரிஞ்சு வாங்கோணும்."

துண்டுக்கு அடியிலிருந்து ஒரு கை உடனே வெளியே வந்தது. தரகர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அம்மணி, நீங்க விக்க வந்தீங்களா, மாட்டுக்குச் சாதகம் பாக்க வந்தீங்களா?" என்றார். அன்று காளை வந்த வண்டியிலேயே திரும்பியது. கடைசிவரை அத்தையின் தொழுவத்தில்தான் இருந்தது. யாரையும் அண்டவிடாத அதன் குணத்தை அத்தை வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார், அது அவர் கையை மட்டும் நக்கும்.

காரும் அவருக்கு அப்படி வந்ததுதான். எண் பலகையிலுள்ள எண்களைக் கூட்டினால் எட்டு வரும். எட்டு ஆகாது என்று முதலில் வைத்திருந்தவர் விற்கப் பார்த்தார், எட்டு ஆகாது என்று யாரும் வாங்கவில்லை. அத்தை போய்ப் பார்த்து, "வேற கொறை உண்டுங்களா?" என்று கேட்டு, இல்லை என்றதும் வாங்கிவிட்டார். அதன் பிறகுதான் ஓட்டவே கற்றுக்கொண்டார். அப்போது அவருக்கு நாற்பது தாண்டியிருந்தது. கற்றுக்கொடுத்தவரிடம் முதல் நாளே, "எனக்கு வலது கைக்கும் இடது கைக்கும் சட்டுனு வித்தியாசம் தெரியாதுங்க, பதறுனா மாறிப்போகும்" என்று சொன்னாராம். அவர் இடது கை வளையலைக் கழற்றிவிடச் சொன்னார். அத்தை அன்றிலிருந்து வலது கையில் மட்டும் வளையல் போட்டார்.

சில வருடங்களில் அந்தக் காரின் இடதுபக்க முன்கதவு கெட்டுப்போனது. உள்ளேயிருந்து திறக்க முடியாது, வெளியேயிருந்துதான் திறக்கும். அத்தை சரி செய்யவில்லை. வண்டியை நிறுத்தி, தான் இறங்கி, முன்பக்கமாகச் சுற்றிவந்து, பக்கத்தில் இருப்பவருக்குக் கதவைத் திறந்துவிடுவார். ஒருமுறை ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கோயிலில் இறக்கிவிட்டார். அவர் வெளியே கால் வைத்ததும் கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டு, "அம்மணி எறங்கி வந்து கதவு தொறந்து உடறாங்க பாருங்க, அதுதான் மரியாதை" என்றார். அத்தை எல்லோருக்கும் கேட்கும்படி, "மரியாதை இல்லீங்க. கதவு கெட்டுப்போச்சுங்க" என்றார்.

சிரிக்க முடியாத விஷயங்களும் உண்டு. தாத்தாவின் மேட்டுக்காட்டு நிலத்தில் அப்பாவுக்கும் அத்தைக்கும் பங்கு இருந்தது. என் அக்காவின் கல்யாணத்தை முன்னிட்டு அப்பா அதை விற்க ஏற்பாடு செய்தார். வாங்குகிறவர் மாசியில் வந்து கிணற்றை எட்டிப் பார்த்தார். நல்ல தண்ணீர் இருந்தது. கையெழுத்துப் போட வந்த அத்தை, "பங்குனி பாதியோட சரிங்க. சித்திரையில மோட்டாரு காத்தைத்தான் எறைக்கும்" என்றார். விற்பனை நின்றுபோனது. கல்யாணம் ஒரு வருடம் தள்ளிப்போனது.

அப்பா அத்தையை வாசலில் நிறுத்தியே கேட்டார். "வாய வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்க உன்னால முடியாதாக்கா?"

"சித்திரையில அவன் கெணத்துல எட்டிப் பாக்கறப்ப உன்னையத்தானடா நெனைப்பான்."

"நெனைச்சுட்டுப் போறான். என்ற புள்ள கல்யாணம் போச்சே."

அப்பா பல வருடம் அவரிடம் பேசவில்லை. அக்காவும்கூட நெடுநாள் அவரைப் பார்த்தால் உள்ளே போய்விடுவாள். அத்தை மட்டும் பொங்கலுக்கு வருவதை நிறுத்தவில்லை. கரும்புக்கட்டை வாசலில் சாய்த்து வைத்துவிட்டு, அம்மாவிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போவார். அவர் செய்தது சரியா என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். சரி என்றுதான் தோன்றும். ஆனால் அந்த வருடம் அக்காவின் முகத்தை நினைத்தால் அந்தச் சரியை என்னால் சத்தமாகச் சொல்ல முடிந்ததில்லை.

எனக்குப் பெண் பார்க்க ஈரோட்டுப் பக்கம் போனபோது அத்தையைக் கூட்டிப்போக அப்பாவுக்கு விருப்பமே இல்லை. அத்தை அழைக்காமலே அந்தக் காரில் வந்து சேர்ந்தார். பலகாரம் வந்தது, காபி வந்தது. என்னைப் பற்றி எல்லோரும் நல்லபடியாகச் சொல்லி முடித்ததும் அத்தை டம்ளரைக் கீழே வைத்தார். "அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லிப்போடறேனுங்க." அப்பா எழுந்து வாசலுக்குப் போனார்.

"பையன் தங்கமானவன். ஆனா கோவம் வந்தா கத்த மாட்டான், பேசாம இருந்துக்குவான். ரெண்டு நாளு, மூணு நாளு. அதத் தாங்கறது கஷ்டமுங்க. அப்பறம், சாமான எடுத்த எடத்துல வெக்கலைன்னா அவனுக்குச் சோறு எறங்காது."

அந்த வீட்டார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்த பெண்தான் பிறகு என் மனைவியானாள்.

அந்தப் பேச்சு நடந்து இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. போன மாதம் காரைப் பார்க்க இருகூரிலிருந்து ஒருவர் வந்தார். மனைவியை வேலைக்குக் கொண்டுபோய் விட ஒரு சின்ன வண்டி வேண்டும் என்றார். நான் சொல்ல வேண்டியதை எல்லாம் சொன்னேன். தரையில் துரு, இடது கதவு, மழை பெய்தால் காலடியில் வரும் தண்ணீர், இரண்டாவது கியரில் வரும் இழுவை. அவர் ஒவ்வொன்றுக்கும், "அதெல்லாம் பாத்துக்கலாமுங்க" என்று தலையாட்டினார். சரி, வண்டி போகிறது என்று நினைத்தேன். அந்த நிமிடத்தில் எனக்கு நிம்மதியாக இருந்ததா, வேறு மாதிரி இருந்ததா என்று சொல்லத் தெரியவில்லை. அவர் கடைசியாகப் பின்பக்கம் போய் நின்றார். உதடு மட்டும் அசைந்தது.

"எட்டு வருதுங்களே" என்றார்.

"ஆமாங்க."

"இதைய மொதல்லயே சொல்லியிருக்கலாமில்லீங்க? தரைய வெல்டு பண்ணிக்கலாம். எட்டை என்ன பண்றது?"

அவர் போனதும் என் மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். "அத்தையா இருந்தா அதத்தான் மொதல்ல சொல்லியிருப்பாங்க" என்றாள். பிறகு காருக்குள் ஏறி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். கியர் கைப்பிடியில் பழைய துணி சுற்றியிருந்தது. அதைத் தடவிக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்தாள்.

"நான் கல்யாணமாகி வந்த மறுநாளு அத்தை என்னையக் கூப்பிட்டு என்ன சொன்னாங்க தெரியுமுங்களா?" என்றாள். "உன்ற மாமியா நல்லவ, ஆனா காப்பி குடிக்கறதுக்கு முன்னால எதுவும் கேக்காத. உன்ற மாமனாரு, கடன்காரன் வந்துட்டுப் போன அன்னைக்குச் சோத்துல கொறை சொல்லுவாரு, அது சோத்து மேல இல்ல. உன்ற புருசன் பேசாம இருந்தா நீ போயி எதையாவது எடம் மாத்தி வெச்சுடு, தானா வாயத் தொறப்பான். இப்பிடி ஒவ்வொருத்தரையும் சொன்னாங்க. எங்கம்மாகூட எனக்கு அப்பிடிச் சொல்லி உடலீங்க. அதை வெச்சுத்தான் நான் இந்த ஊட்டுல பொழைச்சேன்."

எனக்கு இது தெரியாது. அலமாரியில் கத்தரிக்கோல் இடம் மாறிக் கிடந்ததற்கு எத்தனை முறை வாய் திறந்திருக்கிறேன் என்று அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன்.

"அப்ப வண்டிய வெச்சுக்கலாங்கறயா?"

"நான் எதுவும் சொல்லல. உங்களுக்குக் குடுத்தது, நீங்கதான் சொல்லோணும். எனக்கு நிழலு போச்சுன்னுதான் கொறை. அத நான் சொல்லிப்போட்டேன்."

அன்று மாலை முழுக்க நான் ஆஸ்பத்திரியில் அத்தையோடு இருந்த பகல்களைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கோயமுத்தூரில் அவரைச் சேர்த்திருந்தார்கள். மில்லில் லீவு போட்டுவிட்டுப் பகலில் நான் கூட இருந்தேன். அங்கேதான் காரை எனக்கென்று சொன்னார். சொல்வதற்கு முன் அதன் குறைகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். அதுவும் மூச்சு வாங்க வாங்க. துரு எந்தப் பக்கம் அதிகம் என்பதைக் கையைத் தூக்கிக் காட்டினார். காட்டியது வளையல் இல்லாத கை.

பிறகு, "எல்லாரு கொறையும் நான் சொல்லிப்போட்டேன். என்ற கொறைய இதுவரைக்கும் ஒருத்தரும் எனக்கு நேரா சொல்லல. எழுந்துதான் போனாங்க. நீ போகாம இருந்தயில்ல, நீ சொல்லு" என்றார்.

நான், "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க அத்தை" என்றேன்.

"அப்ப நீயும் நனைஞ்ச மூட்டைய அடியில போட்டு விக்கறவன்தான்" என்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

கடைசியில் சொல்லிவிட்டேன். "நீங்க யாருக்கும் நல்லதச் சொன்னதே இல்லீங்க அத்தை. கொறைய மட்டும்தான் சொன்னீங்க. அக்கா கல்யாணம் தள்ளிப்போனப்பகூட, அவளைக் கூப்பிட்டு ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாமுங்க."

அத்தை மெதுவாகத் திரும்பினார். கோபப்படவில்லை. எடை போடுவது போல என்னைப் பார்த்தார்.

"நல்லது தானாத் தெரியுமில்ல கண்ணு?"

"தெரியாதுங்க. சொன்னாத்தான் தெரியும்."

நர்ஸ் வந்து மருந்து மாற்றிவிட்டுப் போனார். அத்தை தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். கண்ணை மூடியபடியே பேசினார்.

"அந்த வண்டி என்னைய ஒரு நாளும் நடுரோட்டுல உட்டதில்ல."

நான் அவர் போர்வையை இழுத்துவிட்டேன்.

"நீயும்தான்" என்றார். அதிகம் சொல்லிவிட்டதாகத் தோன்றியிருக்க வேண்டும். உடனே கண்ணைத் திறந்து, "ஆனா எதுக்கெடுத்தாலும் நெம்ப ரோசனை பண்ற. அது ஆகாது" என்றார்.

அவர் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே நல்ல வார்த்தை அது. அதையும் ஒரு பழைய காரோடு பங்கு போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. அந்தப் பங்காளியைக் கொண்டுபோய் உக்கடத்தில் எப்படிப் போடுவது? அது மட்டுமில்லை. அத்தை குறை சொல்லிக் கொடுக்க வந்ததை எல்லாம் வாங்க வந்தவர்கள் தள்ளிவிட்டுப் போனார்கள் என்றே இவ்வளவு நாள் நினைத்திருந்தேன். காளையையும் காரையும் குறை தெரிந்தே வைத்துக்கொண்டவர் அவர். என்னையும் என் குறை தெரிந்தே ஒருத்தி வைத்துக்கொண்டிருக்கிறாள். அக்காவுக்குப் போன் செய்து ஆஸ்பத்திரியில் நடந்ததைச் சொன்னேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, "அத்தைகிட்ட அப்பிடிக் கேட்டயாடா? கேட்டது நல்லதாப் போச்சு" என்றாள். "வண்டிய வித்துப்போடாத. சரி பண்ணி இங்க ஒருக்கா ஓட்டீட்டு வா" என்றும் சொன்னாள்.

மறுநாள் காலையில் பட்டறைக்குப் போனேன். "தரைய வெட்டிப் புதுசு வெச்சுடுங்க" என்றேன்.

"ரோசனை பண்ணிட்டீங்களா?"

"பண்ணுன வரைக்கும் போதுமுங்க."

மார்கழி முடிவதற்குள் எஃப்.சி. வாங்கியாயிற்று. இடது கதவும் இப்போது உள்ளேயிருந்து திறக்கிறது. எங்கள் பெரிய காருக்குத் தெருவில் ஒரு ஓலைப்பந்தல் போட்டிருக்கிறோம். என் மனைவி பெரிய காரை எப்போதும் ஓட்டியதில்லை, அகலம் பிடிபடவில்லை என்பாள். இந்தக் காரை முதல் வாரத்திலேயே எடுத்து ஓட்டிவிட்டாள். போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போய்விட்டு இருட்டும் நேரத்தில் திரும்பிக்கொண்டிருந்தோம். அவள்தான் ஓட்டினாள். ஒரு சிக்னலில் நிறுத்தியபோது முகத்தில் வெளிச்சம் அடித்தது. கிளம்பியதும் போய்விட்டது. அடுத்த சிக்னலில் மறுபடி அடித்தது.

"ஏனுங்க, பாத்தீங்களா?" என்றாள். "பிரேக்கை அமுக்குனா உள்ள லைட்டு எரியுது."

தரையை வெட்டியபோது ஏதோ ஒயர் மாறியிருக்க வேண்டும். அத்தை சொன்ன குறைகளை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். இது அவற்றில் இல்லை. அவருக்கு இது தெரியாது. எங்கள் கைக்கு வந்த பிறகு வந்த குறை.

"பட்டறைல சொல்லிச் சரி பண்ணிக்கலாமா?" என்றேன்.

"இருக்கட்டுமுங்க, பொறகு பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு, வேகத்தடைக்காகப் பிரேக்கை அமுக்கினாள். இருவர் முகத்திலும் வெளிச்சம் வந்தது.